மாடு வண்டியை இழுக்கிறது, வண்டியும் மாட்டை அதே அளவு இழுக்கிறது. அப்புறம் வண்டி எப்படி நகர்கிறது?

தாழை

வணக்கம். மகள் பத்தாவது படிக்கிறாள், தமிழ்வழி. அறிவியல் புத்தகத்தில் முதல் பாடமே இயக்க விதிகள். முதல் இரண்டு விதிகள் சிக்கலில்லாமல் போயின. மூன்றாவதில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

அவள் கேட்பது இதுதான். மாடு வண்டியை 600 நியூட்டன் விசையோடு முன்னால் இழுக்கிறது. மூன்றாம் விதிப்படி வண்டியும் மாட்டை 600 நியூட்டனோடு பின்னால் இழுக்கிறது. இரண்டையும் கூட்டினால் சுழி. விசை சுழி என்றால் இரண்டாம் விதிப்படி முடுக்கமும் சுழி. அப்படியானால் நின்ற வண்டி நின்றபடியே கிடக்க வேண்டும். ஆனால் ஊரில் வண்டி ஓடுகிறதே?

டியூஷனில் கேட்டாளாம். "மாட்டுக்கு வலு அதிகம், அதான் ஜெயிக்குது" என்று பதில் வந்திருக்கிறது. "வலு அதிகம்னா புத்தகத்தில சமம்னு ஏன் போட்டிருக்காங்க?" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். நான் பி.காம். படித்தவள், இதற்கு மேல் என்னிடம் சரக்கில்லை. தேர்வுக்கு எழுதும் பதில் வேண்டாம், அவளுக்குப் புரியும்படி யாராவது சொல்லுங்கள்.

முட்டுக்கட்டை

டியூஷன் பதிலில் என்ன குறை? நிற்கிற வண்டி கிளம்பும்போது மாடு கொஞ்சம் அதிகமாக இழுக்கிறது, வண்டி அதைவிடக் குறைவாகத் திருப்பி இழுக்கிறது. அந்த மிச்சத்தில்தான் வண்டி நகர்கிறது. வேகம் சீரானதும் இரண்டும் சமமாகிவிடும். மூன்றாம் விதி பொருந்துவது அப்போதுதான். இதைப் போய்ப் பெரிதாக்காமல் பிள்ளையை மதிப்பெண் வாங்க விடுங்கள்.

கரும்பலகை

தாழை அம்மா, உங்கள் மகளிடம் முதலில் ஒன்று சொல்லுங்கள்: இது நல்ல கேள்வி, பழைய கேள்வியும்கூட. நியூட்டன் 1687-இல் லத்தீனில் தன் விதிகளை வெளியிட்டபோது, மூன்றாம் விதிக்கு அடியிலேயே கயிற்றில் கட்டிய கல்லை ஒரு குதிரை இழுப்பதை எடுத்துக்காட்டாக வைத்தார். கல்லை நோக்கிக் குதிரையும் அதே அளவு பின்னால் இழுக்கப்படுகிறது என்று அவரே எழுதியிருக்கிறார். நம் ஊரில் குதிரைக்குப் பதில் மாடு, அவ்வளவுதான்.

நான் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். வகுப்பில் இந்தக் கேள்வி வந்தால் மகிழ்ச்சியாக இருக்கும், ஏனென்றால் இதைக் கேட்கும் பிள்ளை இரண்டாம் விதியையும் மூன்றாம் விதியையும் சேர்த்து வைத்து யோசித்திருக்கிறது.

அவள் கணக்கில் தவறு இருப்பது ஒரே ஒரு இடத்தில்: "இரண்டையும் கூட்டினால்" என்ற சொற்களில். அந்த இரண்டையும் கூட்டக் கூடாது. ஒரு 600 வண்டியின் மேல் செயல்படுகிறது, இன்னொரு 600 மாட்டின் மேல். நீங்கள் கணக்குப் படித்தவர் என்பதால் இப்படிச் சொல்கிறேன். கடைக்காரருக்கு 600 ரூபாய் கொடுக்கிறீர்கள். உங்கள் பையில் 600 குறைகிறது, அவர் கல்லாவில் 600 கூடுகிறது. இரண்டையும் ஒரே பேரேட்டில் எழுதி, "கூட்டினால் சுழி, எனவே யாருக்கும் எதுவும் மாறவில்லை" என்று சொல்வீர்களா? ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு.

இரண்டாம் விதி எப்போதும் ஒரு பொருளைப் பற்றியது. அந்தப் பொருளின் மேல் வெளியிலிருந்து என்னென்ன விசைகள் செயல்படுகின்றன என்று பார்த்து, அவற்றை மட்டும் கூட்ட வேண்டும். வண்டி நகருமா என்று தெரிய வேண்டுமானால் வண்டியை மட்டும் படம் போடுங்கள். அதன் மேல் முன்னோக்கி மாட்டின் இழுப்பு. பின்னோக்கி அச்சிலும் தரையிலும் உள்ள உராய்வு. முதலாவது பெரிதாக இருந்தால் வண்டி கிளம்பும். வண்டி மாட்டை இழுக்கும் விசை இந்தப் படத்துக்குள்ளேயே வராது.

இரு விசைகளும் வெவ்வேறு பொருள்கள் மேல் செயல்படும் என்ற வரி பத்தாம் வகுப்புப் புத்தகத்திலேயே இருக்கிறது. பிள்ளைகள் "சமமான எதிர் விசை உண்டு" வரை மனப்பாடம் செய்துவிட்டு அடுத்த பத்திக்குத் தாவிவிடுகிறார்கள். இரண்டு மதிப்பெண் கேள்விக்கு அது போதும் என்பதால் நாங்களும் விட்டுவிடுகிறோம்.

நட்டுபோல்ட்

கரும்பலகை சார் சொன்னதற்கு எண் போட்டுக் காட்டுகிறேன், எண் இருந்தால் தங்கச்சிக்கு நம்பிக்கை வரும். எண்கள் எல்லாம் நான் வசதிக்காக வைத்துக்கொண்டவை.

ஜோடி மாடுகளின் நிறை 800 கிலோ, பாரத்தோடு வண்டி 600 கிலோ. வண்டியைத் தடுக்கும் உராய்வு 300 நியூட்டன். வண்டி 0.5 மீட்டர்/விநாடி² முடுக்கத்தோடு கிளம்புகிறது.

வண்டியை மட்டும் பார்ப்போம். நிறை × முடுக்கம் = 600 × 0.5 = 300. உராய்வை மீறி இந்த 300 கிடைக்க வேண்டும். ஆக மாடுகள் இழுப்பது 300 + 300 = 600 நியூட்டன்.

இப்போது மாடுகளை மட்டும். வண்டி அவற்றை 600 நியூட்டனோடு பின்னால் இழுக்கிறது. ஆனாலும் அவையும் 0.5 முடுக்கத்தில் முன்னால் போகின்றன. அதற்குத் தேவை 800 × 0.5 = 400. ஆக யாரோ மாடுகளை 600 + 400 = 1000 நியூட்டனோடு முன்னால் தள்ளுகிறார்கள். யார்? தரை.

சரிபார்க்க, மாடும் வண்டியும் சேர்ந்து ஒரே பொருள் என்று வைத்துக்கொள்ளலாம். மொத்தம் 1400 கிலோ. முன்னால் தரை தள்ளுவது 1000, பின்னால் உராய்வு 300, மிச்சம் 700. 700-ஐ 1400-ஆல் வகுத்தால் 0.5. சரியாக வருகிறது. இந்தக் கணக்கில் நுகத்தடியில் நடக்கும் 600-க்கு 600 வரவே இல்லை, அது வீட்டுக்குள்ளேயே கொடுத்து வாங்கியது.

முட்டுக்கட்டை எழுதியது: *"கிளம்பும்போது மாடு கொஞ்சம் அதிகமாக இழுக்கிறது, வண்டி குறைவாகத் திருப்பி இழுக்கிறது."*

இது இல்லை நண்பரே. மேலே பார்த்தீர்களா, முடுக்கம் இருக்கும்போதே இரண்டும் 600தான். வேகம் சீரானால் இரண்டுமே 300 ஆகிவிடும், தரை தள்ளுவதும் 300 ஆகிவிடும். அளவு மாறும், சமம் மாறாது.

நம்பிக்கை வராவிட்டால் பள்ளி ஆய்வகத்திலிருந்து இரண்டு சுருள்வில் தராசுகளை வாங்கிக் கொக்கியோடு கொக்கி மாட்டுங்கள். ஒன்றின் மறுமுனையைச் சக்கரம் வைத்த பெட்டியில் கட்டிவிட்டு மற்றதைப் பிடித்து இழுங்கள். மெதுவாக இழுத்தாலும் வெடுக்கென்று இழுத்தாலும் இரண்டு முள்ளும் ஒரே எண்ணைத்தான் காட்டும். தராசு கனமானதாக இருந்தால் வெடுக்கென்று இழுக்கும்போது கொஞ்சம் வேறுபடலாம், தராசையே முடுக்க வேண்டியிருப்பதால் வருவது அது. லேசான தராசாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முட்டுக்கட்டை

தராசு சரி, எண்ணும் சரி. ஆனால் கதையை மாட்டிலிருந்து தரைக்கு மாற்றிவிட்டீர்கள். தரை மாட்டை 1000 நியூட்டனோடு தள்ளுகிறதாம்! தரை சும்மா கிடக்கிறது. உழைப்பது மாடு, பெயர் தரைக்கா?

அப்புறம் இன்னொன்று. உராய்வு எப்போதும் இயக்கத்துக்கு எதிர்த் திசையில்தான் இருக்கும் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அது எப்படி மாட்டை முன்னால் தள்ளும்?

தாழை

இதையேதான் இவளும் கேட்டாள், அண்ணா. "தரைக்குக் கையா இருக்கு?" என்றாள்.

நட்டுபோல்ட்

அக்கா, பாசி பிடித்த கிணற்றுப் படியில் வேகமாக நடக்கச் சொன்னால் அவள் நடப்பாளா? மாட்டாள். காலில் வலு குறைந்துவிட்டதா என்ன? வலு அப்படியே இருக்கிறது, பிடிமானம்தான் இல்லை. நடக்கும்போது நாம் பாதத்தால் தரையைப் பின்னோக்கித் தள்ளுகிறோம், தரை நம்மை முன்னோக்கித் தள்ளுகிறது. இதுவும் மூன்றாம் விதி ஜோடிதான். பாசியில் பாதம் பின்னால் வழுக்கி ஓடிவிடுவதால் நாம் தள்ளுவது குறைகிறது, அதனால் தரை தள்ளுவதும் குறைகிறது.

உராய்வின் திசை பற்றி: அந்த வரியை முழுதாகச் சொன்னால், ஒன்றையொன்று தொடும் இரு பரப்புகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்குவதை உராய்வு எதிர்க்கும். நடக்கும்போது நாம் முன்னால் போகிறோம், ஆனால் பாதம் வழுக்கப் பார்ப்பது பின்னால். அதை எதிர்ப்பதால் உராய்வு முன்னால் இருக்கிறது. மாட்டுக் குளம்புக்கும் அதேதான். லாடம் கட்டுவது குளம்பு தேயாமலிருக்க. ஆனால் சிமெண்டுத் தரையில் லாடம் கட்டிய மாடு வழுக்குவதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

பைக்கில் பாருங்கள். பின் சக்கரம் சேற்றில் மாட்டிக்கொண்டு சுழலும்போது சேறு எந்தப் பக்கம் தெறிக்கிறது? பின்னால். சக்கரம் தரையைப் பின்னால் தள்ளுகிறது என்பதற்கு அதுவே சாட்சி. கெட்டியான தரையாக இருந்தால் அது தெறிக்காமல் நின்று திருப்பித் தள்ளும், வண்டி போகும்.

உழைப்பது யார் என்பது நல்ல கேள்வி, ஆனால் அது ஆற்றலைப் பற்றிய கேள்வி. தின்ற வைக்கோலிலிருந்து ஆற்றல் செலவழிப்பது மாடுதான். தரை ஆற்றல் எதுவும் தரவில்லை, விசை மட்டும்தான் தருகிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளும்போதுதான் "வலு அதிகம், ஜெயித்தது" என்ற பதில் வருகிறது.

பின்பெஞ்சு ப்ளஸ்ஒன்

அண்ணா, நான் ப்ளஸ் ஒன். எங்கள் வகுப்பில் மேசை மேல் புத்தகம் உதாரணம் சொன்னார்கள். புத்தகத்தின் எடை கீழ்நோக்கி, மேசை தரும் செங்குத்து விசை மேல்நோக்கி. இரண்டும் சமம், எதிரெதிர். இதுதானே செயல், எதிர்ச்செயல்? ஆனால் இரண்டுமே புத்தகத்தின் மேல்தானே செயல்படுகிறது? சார் சொன்ன "வெவ்வேறு பொருள்" இங்கே இடிக்கிறதே.

கரும்பலகை

தம்பி, உனக்கு இடிப்பது சரியான இடத்தில்தான். அந்த இரண்டும் மூன்றாம் விதி ஜோடி அல்ல. நிறைய வழிகாட்டி நூல்களில் இது தப்பாகவே இருக்கிறது, வகுப்பிலும் தப்பாகவே சொல்லப்படுகிறது. மூன்றாம் விதியில் இதைவிடப் பரவலான குழப்பம் வேறு இல்லை என்பது என் கருத்து.

அரைக் கிலோ புத்தகம் என்று வைத்துக்கொள். பூமி அதைக் கீழே 4.9 நியூட்டனோடு இழுக்கிறது. அதன் ஜோடி என்ன? வாக்கியத்தை அப்படியே திருப்பிப் போடு: புத்தகம் பூமியை மேலே 4.9 நியூட்டனோடு இழுக்கிறது. அடுத்து, மேசை புத்தகத்தை மேலே தள்ளுகிறது. திருப்பிப் போட்டால், புத்தகம் மேசையைக் கீழே அழுத்துகிறது. எது எதை என்ற இரண்டு பெயரும் இடம் மாற வேண்டும், விசையின் வகை மாறக் கூடாது. ஈர்ப்புக்கு ஈர்ப்புதான் ஜோடி, தொடு விசைக்குத் தொடு விசைதான் ஜோடி. ஈர்ப்பையும் மேசையின் தள்ளலையும் ஜோடி சேர்த்தால் இரண்டு சோதனையிலும் தோற்றுவிடும்.

பிறகு ஏன் அவை சமமாக இருக்கின்றன என்று கேட்பாய். புத்தகம் முடுக்கமில்லாமல் கிடப்பதால். அதாவது அது முதலாம், இரண்டாம் விதிகளின் வேலை. முடுக்கம் வந்தால் அந்தச் சமம் உடைந்துவிடும். இதைச் சோதிக்க லிஃப்ட் போதும்.

50 கிலோ உள்ள ஒருவர் லிஃப்டில் எடை பார்க்கும் இயந்திரத்தின் மேல் நிற்கிறார். பூமி அவரை இழுப்பது 490 நியூட்டன், அது எப்போதும் மாறாது. லிஃப்ட் மேல்நோக்கி 1 மீட்டர்/விநாடி² முடுக்கத்தில் கிளம்பினால் இயந்திரம் அவரைத் தள்ளுவது 490 + 50 = 540 நியூட்டன். முள் 55 கிலோ காட்டும். கீழ்நோக்கி அதே முடுக்கத்தில் கிளம்பினால் 440 நியூட்டன், முள் 45 கிலோவுக்குப் பக்கத்தில் நிற்கும். பாடத்தில் தோற்ற எடை என்று வருவது இதுதான்.

எடையும் செங்குத்து விசையும் சமமாக இல்லாமல் போய்விட்டன, பார்த்தாயா? மூன்றாம் விதி ஜோடி ஒருபோதும் அப்படிப் பிரியாது. லிஃப்ட் என்ன ஆட்டம் போட்டாலும் இயந்திரம் பாதத்தைத் தள்ளுவதும் பாதம் இயந்திரத்தை அழுத்துவதும் ஒரே அளவில்தான் இருக்கும்: 540-க்கு 540, 440-க்கு 440.

பின்பெஞ்சு ப்ளஸ்ஒன்

கயிறு அறுந்துவிட்டால்?

கரும்பலகை

இயந்திரம் 0 காட்டும், பாதம் அழுத்துவதும் 0. பூமி இழுப்பது அப்போதும் 490. மற்றபடி லிஃப்டில் அவசர பிரேக் இருக்கிறது, பயப்படாமல் ஏறு.

முட்டுக்கட்டை

நடப்பதற்குத் தரை, பைக்குக்குத் தரை, மாட்டுக்குத் தரை. சரி, ராக்கெட்டுக்கு? விண்வெளியில் உதைத்துத் தள்ளத் தரையும் இல்லை, காற்றும் இல்லை. அங்கே எது அதைத் தள்ளுகிறது?

நட்டுபோல்ட்

உங்களுக்குத் துணையாக ஒரு பெரிய பத்திரிகையே இருந்திருக்கிறது. ராபர்ட் கோடார்ட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் ராக்கெட் நிலாவரை போகலாம் என்று எழுதியபோது, 1920 ஜனவரி 13 அன்று நியூயார்க் டைம்ஸ் ஒரு தலையங்கத்தில் அவரைக் கிண்டலடித்தது. வெற்றிடத்தில் எதிர்த்துத் தள்ள ஒன்றும் இல்லை, உயர்நிலைப் பள்ளியில் தினமும் சொல்லித்தருவதுகூட இவருக்குத் தெரியவில்லை என்கிற தொனியில். கோடார்ட் 1926-இல் உலகின் முதல் திரவ எரிபொருள் ராக்கெட்டைப் பறக்கவிட்டார், 1945-இல் இறந்துபோனார். அப்பல்லோ 11 நிலாவுக்குக் கிளம்பிய மறுநாள், 1969 ஜூலை 17 அன்று, அதே பத்திரிகை தவறுக்கு வருந்துவதாக ஒரு திருத்தம் போட்டது. பாவம், அதைப் படிக்க அவர் இல்லை.

பதில் இதுதான்: ராக்கெட் தள்ளுவது தன் வயிற்றிலிருக்கும் வாயுவை. ராக்கெட் வாயுவைப் பின்னால் தள்ளுகிறது, வாயு ராக்கெட்டை முன்னால் தள்ளுகிறது. ஜோடி முடிந்தது. வெளியேறிய வாயு அப்புறம் எதில் மோதினாலும் மோதாவிட்டாலும் ராக்கெட்டுக்குக் கவலையில்லை. உண்மையில் காற்று இருந்தால் ராக்கெட்டுக்குத் தொந்தரவுதான்.

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2023 ஜூலை 14 அன்று சந்திரயான் 3-ஐ ஏற்றிச் சென்ற எல்.வி.எம். 3-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போது அதன் நிறை சுமார் 640 டன். அப்படியானால் பூமி அதைக் கீழே இழுப்பது கிட்டத்தட்ட 63 லட்சம் நியூட்டன். இரண்டு பக்கமும் நிற்கும் திட எரிபொருள் பூஸ்டர்கள் மட்டுமே அதற்கு மேல் தள்ளி ராக்கெட்டைத் தூக்குகின்றன. நடுவிலுள்ள திரவ எஞ்சின்கள் தரையில் எரிவதே இல்லை, மேலே போன பிறகுதான் பற்றவைக்கப்படும். ஒவ்வொரு பூஸ்டரிலும் 200 டன்னுக்கு மேல் எரிபொருள், இரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிக நேரத்தில் தீர்ந்துவிடுகிறது. வாயு வெளியேறுவது விநாடிக்கு 2 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில். எரிபொருள் தீரத் தீர நிறை குறைவதால், அதே தள்ளலுக்கு முடுக்கம் கூடிக்கொண்டே போகும். இந்த இடத்தில் இரண்டாம் விதியும் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

கரும்பலகை

துப்பாக்கி பின்னுதைப்பதும் இதே கணக்குத்தான். 10 கிராம் குண்டு 800 மீட்டர்/விநாடி வேகத்தில் போனால் 4 கிலோ துப்பாக்கி 2 மீட்டர்/விநாடி வேகத்தில் பின்னால் வரும். உந்தம் (நிறை × வேகம்) இரு பக்கமும் 8 கிலோகிராம் மீட்டர்/விநாடி. பத்தாம் வகுப்புத் தேர்வுக்குக் கேட்கத் தோதான கணக்கு, செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

கரிசல்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். பொங்கலுக்கு எங்கள் ஊரில் கயிறு இழுக்கும் போட்டி நடக்கும். கயிற்றில் இரு பக்கமும் ஒரே விசை என்றால் ஒரு அணி எப்படி ஜெயிக்கிறது?

நட்டுபோல்ட்

மாட்டு வண்டிக் கதையேதான். கயிறு லேசானது என்பதால் இரு முனையிலும் இழுப்பு கிட்டத்தட்ட ஒன்றே. தரையிடமிருந்து யார் அதிகம் வாங்குகிறார்கள் என்பதில்தான் வெற்றி. கனமான ஆட்களுக்குத் தரையோடு அழுத்தம் அதிகம், அதனால் உராய்வும் அதிகம் கிடைக்கும். குதிகாலைப் பள்ளத்தில் ஊன்றிப் பின்னால் சாய்வதும் அதற்காகத்தான். ஊரிலேயே பலசாலியான அணிக்கு எண்ணெய் சிந்திய தரையைக் கொடுத்துப் பாருங்கள்.

பின்பெஞ்சு ப்ளஸ்ஒன்

சார், புத்தகம் பூமியை மேலே இழுக்கிறது என்றீர்களே, பூமி நகருமா?

கரும்பலகை

நகரும். லிஃப்டில் வந்த அதே 50 கிலோ ஆள் ஒரு சுவரிலிருந்து குதித்தால், அவர் பூமியை இழுப்பது 490 நியூட்டன். பூமியின் நிறை சுமார் 6 × 10²⁴ கிலோ. வகுத்தால் பூமியின் முடுக்கம் 8 × 10⁻²³ மீட்டர்/விநாடி² அளவில் வரும். எந்தக் கருவியாலும் அளக்க முடியாது. விசை சமம், நிறைதான் சமமில்லை. விசை சமமென்றால் விளைவும் சமமாக இருக்க வேண்டும் என்று நினைப்பதுதான் மாட்டு வண்டிக் கேள்விக்குள்ளும் ஒளிந்திருக்கிறது.

தாழை

எல்லோருக்கும் நன்றி. இவள் உட்கார்ந்து முழுவதையும் படித்தாள். வண்டியைத் தனியாக, மாட்டைத் தனியாகப் படம் போட்டு அம்புக்குறி போட்டுவிட்டாள். தரை தள்ளும் அம்புதான் எல்லாவற்றிலும் பெரிதாக இருக்கிறது.

அப்புறம் அவளே ஒரு கணக்கு உருவாக்கியிருக்கிறாள், சரியா என்று பாருங்கள்: "சக்கரக் காலணி போட்ட இரண்டு பேர் ஒரு கயிற்றின் இரு முனைகளைப் பிடித்திருக்கிறார்கள். ஒருத்தி 40 கிலோ, அவள் அண்ணன் 60 கிலோ. உராய்வு இல்லை. அண்ணன் மட்டும் கயிற்றை 120 நியூட்டனோடு இழுக்கிறான், தங்கை சும்மா பிடித்துக்கொண்டிருக்கிறாள். யார் நகர்வார்கள்? விடை: இருவருமே. தங்கை 120/40 = 3, அண்ணன் 120/60 = 2."

கரும்பலகை

விடை சரி. "சும்மா பிடித்துக்கொண்டிருக்கிறாள்" என்று போட்டதற்குத் தனியாக ஒரு மதிப்பெண் தரலாம். பிடித்திருந்தாலே அவள் கயிற்றை 120 நியூட்டனோடு இழுக்கிறாள் என்பது அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. 3, 2 என்று வெறுமனே நிற்கிறது, பக்கத்தில் மீட்டர்/விநாடி² எழுதச் சொல்லுங்கள். பொதுத்தேர்வில் அதற்கு அரை மதிப்பெண் போய்விடும்.